அடல்ட் படத்திலிருந்து பிறக்கும் லெஸ்பியன் நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காமத்தைப் பேசும் நாவல்களை விரும்பிப் படிப்பவள் நான். அவற்றில் அடல்ட் படங்களை வைத்து எழுதப்படுபவையும் உண்டு என்று சொன்னால் போதும், கேள்விகள் வரிசை கட்டி வரும். நண்பர்கள், எழுத விரும்புகிறவர்கள், முகம் சுளிப்பவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வயதுவந்தவர்களுக்கான பக்கம் இது.

நாவலைத்தானே படமா எடுப்பாங்க? படத்தை எடுத்து நாவலா எழுதுறது எல்லாம் நடக்குமா?

நடக்கும். சினிமா பேசாத காலத்திலிருந்தே நடக்கிறது. 1933-இல் வெளியான ‘கிங் காங்’ படத்தின் நாவல் வடிவம் 1932 டிசம்பரிலேயே, படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. வீட்டில் வீடியோ போட்டுப் பார்க்கும் வசதி வராத நாட்களில், ஒரு படத்தை மறுபடி அனுபவிக்க அதன் நாவல்தான் வழி. இந்த வேலைக்கென்றே எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், 2006-இல் அவர்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கம்கூட அமைந்தது.

அடல்ட் படத்துக்கும் இது பொருந்தும். கதாபாத்திரங்கள், ஒரு சூழ்நிலை, ஒரு தொடக்கம், ஒரு முடிவு இருந்தால் அதை நாவலாக்கலாம். எத்தனை பேர் அதை நன்றாகச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

படத்துலயே எல்லாத்தையும் காட்டிட்டாங்க. அப்புறம் புத்தகம் எதுக்கு?

எல்லாவற்றையும் காட்டவில்லை. உடலைக் காட்டினார்கள். அந்த உடலுக்குள் இருப்பவள் எதற்காக இந்த அறைக்கு வந்தாள், எத்தனை நாளாக இதை நினைத்துக்கொண்டிருந்தாள், எதற்குப் பயப்படுகிறாள் என்பதெல்லாம் கேமராவுக்குத் தெரியாது. ஆசை தொடுதலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. தொட்ட பிறகும் ஓய்வதில்லை. அந்த முன்னும் பின்னும்தான் நாவலின் நிலம்.

நம் அகப்பாடல்களை நினைத்துப் பாருங்கள். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள். கூடலைவிடக் காத்திருப்பும் ஏக்கமும் ஊடலும்தான் அங்கே பாட்டாகின்றன. ஒருத்தியின் குரலுக்குள் நின்று காமத்தைச் சொல்லும் அந்த வழியைத்தான் ஒரு நல்ல நாவலாசிரியர் இங்கேயும் பிடிக்கிறார்.

‘எரோட்டிக் நாவல்’னு கௌரவமா ஒரு பேர் வச்சிட்டா ஆபாசம் இல்லைன்னு ஆயிடுமா?

ஆகாது. பெயர் எதையும் மாற்றுவதில்லை. வெளிப்படையான எழுத்து வெளிப்படையான எழுத்துதான், படிப்பவரைக் கிளர்த்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்றுதான். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பயமுறுத்தவென்று எழுதப்படும் பேய்க்கதையை யாரும் அதற்காகக் குறை சொல்வதில்லையே.

நான் பார்ப்பது வேறொன்றை. படுக்கையறைக் காட்சிகளை நீக்கிவிட்டால் கதை குலைகிறதா? குலைந்தால் அது நாவல். அந்தக் காட்சிகளில் ஏதோ நடந்திருக்கிறது, யாரோ மாறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது காட்சிகளின் தொகுப்பு. அதையும் விரும்பிப் படிப்பவர்கள் உண்டு, அதில் தவறும் இல்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

லெஸ்பியன் படம்னாலே ஆம்பளைங்க பாக்கிறதுக்கு எடுக்கிறதுதானே? அதுலேர்ந்து வர்ற புத்தகம் மட்டும் எப்படிப் பெண்களுக்கானதா இருக்கும்?

இங்கே கேட்கப்படுவதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். வணிகரீதியாக வெளிவரும் படங்களில் பெரும்பகுதி ஆண் பார்வையாளரை மனதில் வைத்து எடுக்கப்படுவது உண்மை. சினிமா பெண்ணை எப்படிப் பார்க்கப்படும் பொருளாக்குகிறது என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரை பொதுவான திரைப்படங்களைப் பற்றியது. அடல்ட் படங்களுக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும். கேமரா எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தாலே தெரிந்துவிடும். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கேமராவைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஆனால் எல்லாமே அப்படி இல்லை. 1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லெஸ்பியன் பெண்கள் தங்களுக்காகவே ‘ஆன் அவர் பேக்ஸ்’ என்ற காமப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதைச் சேர்ந்தவர்கள் அதே பத்தாண்டில் தங்களுக்கான படங்களையும் எடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆண்களுக்காக எடுக்கப்பட்ட படத்தையும் நாவலில் திருப்பிப் போட முடியும். பார்க்கும் கண்ணை மாற்றினால் போதும். படத்தில் நாம் சுவரோரம் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாவலில் ஒருத்தியின் கண் வழியாக மற்றவளைப் பார்க்கிறோம். சுவரோரம் நின்ற ஆளுக்கு அங்கே இடமில்லை. சில நாவல்கள் கேமராவின் இடத்திலேயே நின்றுகொண்டு இருவரையும் வர்ணித்துக்கொண்டே போகும். அவை எந்தப் பெண்ணின் பெயரில் வெளிவந்தாலும் எனக்கு அலுத்துவிடும்.

அந்தப் படங்கள்ல கதையே இருக்காதே. இருநூறு பக்கத்துக்கு என்னத்த எழுதுவாங்க?

கதை மெலிதாக இருப்பது எழுதுபவருக்கு வசதிதான். எல்லாம் தீர்மானிக்கப்பட்ட திரைக்கதையில் நாவலாசிரியருக்குக் கை வைக்க இடம் குறைவு. இங்கே இடம் தாராளம்.

நானே கற்பனை செய்த ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். படத்தில் ஒரு காட்சி: வக்கீல் அலுவலகம். எல்லோரும் போய்விட்டார்கள். இளம் வக்கீல் கோப்புகளோடு சீனியரின் அறைக்குள் வருகிறாள். இரண்டு வரி வசனம், கதவு சாத்தப்படுகிறது, அடுத்த நொடியே முத்தம். படத்தில் அந்த இடைவெளி ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

நாவல் அந்த வெட்டுக்குள் நுழைகிறது. சீனியர் கதவைச் சாத்தவில்லை, சாத்தலாமா என்று கேட்கிறாள். இளையவள் பதில் சொல்லாமல் கோப்புகளை மேசையில் அடுக்குகிறாள், ஏற்கெனவே அடுக்கி முடித்ததை மறுபடியும் அடுக்குகிறாள். சீனியர் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள். மூன்று வருடமாக அந்தக் கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது இளையவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. மூக்கின் இருபுறமும் பதிந்த சிவந்த தடங்கள். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தொடுகிறாள். “சாத்துங்க மேடம்” என்கிறாள்.

நான்கு பக்கம் போய்விட்டது, இன்னும் முத்தம் வரவில்லை. ஆனால் வரும்போது அது யாருடைய முத்தம் என்று நமக்குத் தெரியும். அப்புறம் மறுநாள் காலை இருக்கிறது. இருவரும் ஒரே நீதிமன்ற அறையில், நாலு பேர் முன்னால், ஒருவரையொருவர் எப்படி விளிப்பார்கள்? படம் அந்தக் காலையைத் தொடவே தொடாது. நாவலுக்கு அது ஓர் அத்தியாயம்.

படத்துல இருக்கிற அத்தனை காட்சியையும் எழுதணுமா? எவ்வளவு பச்சையா எழுதலாம்?

எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. ஐந்து நீண்ட காட்சிகளைக் கண்ணால் பார்ப்பது ஒன்று, அடுத்தடுத்து ஐந்தைப் படிப்பது வேறு. எழுத்தில் மூன்றாவது வரும்போதே முதல் காட்சியின் சொற்கள் திரும்ப வர ஆரம்பிக்கும். ஒவ்வொரு காட்சியும் முந்தையது தராத ஒன்றைத் தர வேண்டும்: ஒரு தயக்கம் போவது, ஒரு பொய் வெளிப்படுவது, இருவரில் யார் முன்கை எடுப்பது என்பது மாறுவது. அப்படி எதுவும் இல்லாத காட்சியை ஒரே வரியில் கடந்துவிடலாம்.

எவ்வளவு வெளிப்படை என்பது அந்தப் பாத்திரத்தைப் பொறுத்தது. கூச்சப்படும் ஒருத்தியின் பார்வையில் கதை நகரும்போது உறுப்புகளின் பெயர்கள் மருத்துவப் புத்தகம் போல வரிசையாக வந்தால் குரல் உடைந்துவிடும். தயக்கமே இல்லாதவள் பூடகமாகப் பேசினாலும் அதே கதிதான். அவள் தன் உடலைத் தனக்குள் என்னவென்று சொல்லிக்கொள்வாளோ, அந்தச் சொல்லே சரியான சொல்.

இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் இன்டர்நெட் வந்தப்புறம் வந்ததுதானே?

இல்லை, பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காமத்தைப் பேசும் மலிவு நாவல்கள் வந்தே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1950-இல் அமெரிக்காவில் ‘கோல்ட் மெடல்’ என்ற பதிப்பகம் மலிவு விலையில் பேப்பர்பேக் நாவல்களை நேரடியாக வெளியிடத் தொடங்கியது. விலை 25 சென்ட். மருந்துக்கடை, பஸ் நிலையம், பத்திரிகை ஸ்டால் என்று எங்கும் கிடைத்தது. அதே ஆண்டு தெரெஸ்கா டோரஸ் எழுதிய ‘விமன்ஸ் பாரக்ஸ்’ வந்தது. போர்க்கால லண்டனில், பிரெஞ்சு விடுதலைப் படையில் இருந்த பெண்களின் கதை. அது விற்ற விற்பனையைப் பார்த்துப் பதிப்பகம் இன்னொன்றைத் தேடியது. 1952-இல் ‘வின் பேக்கர்’ என்ற புனைபெயரில் மேரிஜேன் மீக்கர் எழுதிய ‘ஸ்ப்ரிங் ஃபயர்’ வந்து பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

1957 முதல் 1962 வரை ஆன் பேனன் எழுதிய நாவல் வரிசையும் இந்த அலையில் வந்ததுதான். மேலட்டைகள் பெரும்பாலும் ஆண் வாசகரை இழுக்க வரையப்பட்டவை. ஆனால் சிறிய ஊர்களில் தனியாக இருந்த பெண்கள் அந்த அட்டையைப் பார்த்தே தங்களுக்கான புத்தகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். ‘நான் ஒருத்தி மட்டும் இல்லை’ என்பதை அவர்களில் பலர் முதன்முதலில் தெரிந்துகொண்டது அந்த மலிவுப் புத்தகங்களில்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

1973-இல் பார்பரா கிரியர், டோனா மெக்பிரைட் உள்ளிட்ட நால்வர் சேர்ந்து ‘நையாட் பிரஸ்’ தொடங்கினார்கள். லெஸ்பியன் புத்தகங்களை லெஸ்பியன்களே வெளியிடும் பதிப்பகம். ஆன் பேனனின் நாவல்களை 1983-இல் மீண்டும் அச்சில் கொண்டுவந்ததும் அவர்கள்தான்.

பழைய கதைகள்ல ஒருத்தி செத்துடுறா, இல்லைன்னா பைத்தியம் ஆயிடுறா. ஏன் அப்படியே எழுதினாங்க?

எழுத்தாளர்கள் விரும்பி எழுதியதல்ல. மேலே சொன்ன ‘ஸ்ப்ரிங் ஃபயர்’ நாவலுக்கு மகிழ்ச்சியான முடிவு இருக்கக் கூடாது என்று பதிப்பாசிரியரே மீக்கரிடம் சொல்லிவிட்டார். புத்தகங்கள் தபாலில் போக வேண்டும். பெண் காதல் நன்றாக முடிந்தால் அதை ஊக்குவிப்பதாக எடுத்துக்கொண்டு தபால்துறை தடுத்துவிடும் என்ற பயம். அதனால் ஒருத்தி மனநலம் குலைந்து போகிறாள், இன்னொருத்தி அவளை நான் காதலிக்கவே இல்லை என்று உணர்கிறாள். மீக்கருக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. பல பத்தாண்டுகளுக்கு மறுபதிப்புக்குத் தயங்கினார். 2004-இல்தான் அது மீண்டும் வந்தது.

அதே 1952-இல் பட்ரீஷியா ஹைஸ்மித் ‘கிளேர் மார்கன்’ என்ற பெயரில் ‘த பிரைஸ் ஆஃப் சால்ட்’ எழுதினார். இரு பெண்களும் உயிரோடு, நம்பிக்கையோடு இருக்கும் முடிவு. வாசகிகள் அதைக் கொண்டாடியதற்கு முக்கியக் காரணமே அந்த முடிவுதான். இன்று படத்தை நாவலாக்குபவர்கள் சும்மா அழுத்தம் கூட்டுவதற்காக ஒருத்தியைக் கொன்றால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். தணிக்கைக்குப் பயந்து அன்று செய்ததை, யாரும் கேட்காமலே இன்று ஏன் செய்ய வேண்டும்?

இதையெல்லாம் ஆண்கள்தான் பொம்பளைப் பேர்ல எழுதுறாங்களாமே?

அப்படியும் நடந்தது, நடக்கிறது. துப்பறியும் கதைகளால் பிரபலமான லாரன்ஸ் பிளாக், 1960-களில் ‘ஜில் எமர்சன்’ என்ற பெயரில் லெஸ்பியன் நாவல்கள் எழுதினார். பின்னாளில் அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் இது தனி ஒருவரின் வழக்கமும் அல்ல.

யார் எழுதினார் என்பதை விட, கேமராவின் இடத்தைப் பற்றி முன்பு சொன்னேனே, அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். ஆனாலும் ஒரு பெண் தன் வாழ்வை எழுதியிருக்கிறாள் என்று நம்பி வாங்கும் வாசகியிடம் பொய்யான வாழ்க்கைக் குறிப்பைக் கொடுப்பது தவறு. புனைபெயர் வைத்துக்கொள்ளலாம். புனைவாழ்க்கை வேண்டாம்.

நான் லெஸ்பியன் இல்ல. ஆனா படிக்கப் பிடிச்சிருக்கு. அப்போ நான் யாரு?

படிக்கப் பிடித்திருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. ஆண்–பெண் உறவில் இருக்கும் பெண்கள் நிறையப் பேர் இவற்றை விரும்பிப் படிக்கிறார்கள். உள்ளுக்குள் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்து, புத்தகம் அதைத் தொட்டிருந்தால் அது உங்களுக்கே தெரியும். அவசரமாகப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

ஒரு படம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நானே நாவலா எழுதி வெளியிடலாமா? அடல்ட் படத்துக்கெல்லாம் காப்பிரைட் உண்டா?

உண்டு. அடல்ட் படம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ‘பிஹைண்ட் த கிரீன் டோர்’ என்ற 1972-ஆம் ஆண்டுப் படத்தை ஒரு திரையரங்கு அனுமதியில்லாமல் திரையிட்டதாக வழக்கு வந்தது. படமே ஆபாசம், அதற்கு ஏது காப்புரிமை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அந்த வாதம் செல்லாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது.

ஒரு படைப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் உரிமை அதன் உரிமையாளருடையது. சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் இது பொருந்தும். உரிமை பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கும், ஒப்பந்தத்தைப் பொறுத்துத் திரைக்கதை எழுதியவரிடமும் ஒரு பங்கு இருக்கலாம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மொழி, அச்சா மின்னூலா, எத்தனை ஆண்டு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அனுமதி கிடைக்கவில்லையா? சோர்ந்து போக வேண்டாம். ஒரு சூழ்நிலைக்கு மட்டும் யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது. அலுவலகத்தில் மூத்தவளும் இளையவளும் காதலிப்பது எவருடைய சொத்தும் அல்ல. பெயர்கள், வசனம், காட்சிகளின் வரிசை, பாத்திரங்களின் தனித்த குணங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் ஆட்களோடு புதிதாக எழுதுங்கள். அநேகமாக அந்த நாவல் இன்னும் நன்றாகவே வரும்.

படத்துல நடிச்சவங்களோட பேரையும் தோற்றத்தையும் அப்படியே போடலாமா?

கூடாது. நிறுவனத்திடம் உரிமை வாங்கியது கதைக்கு. ஓர் ஆளின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்த அவரிடமே சம்மதம் வாங்க வேண்டும், மேலட்டைப் படத்துக்கும் சேர்த்து. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு படத்தில் நடிக்கச் சம்மதித்தவர், தன் உடலை ஒருவர் பக்கம் பக்கமாகச் சொற்களில் வர்ணிப்பதற்கும் சேர்த்துச் சம்மதித்துவிடவில்லை. பாத்திரத்துக்குப் புதிய முகம் கொடுங்கள். எப்படியும் வாசகி தன் மனதில் வேறொருத்தியைத்தான் பார்க்கப் போகிறாள்.

படம், வீடியோன்னாதானே பிரச்சினை? வெறும் எழுத்துக்குச் சட்டம் என்ன செய்யும்?

செய்யும். ஆபாசத்தை அளக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் மில்லர் வழக்கில் மூன்று பகுதி கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தது. அன்றே கப்லான் வழக்கில், படம் எதுவுமில்லாத வெறும் எழுத்தும் ஆபாசமாகலாம் என்றும் சொன்னது. அந்த அளவுகோலின் ஒரு பகுதி, படைப்புக்குத் தீவிரமான இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு இருக்கிறதா என்பது. ஆக, கதையும் பாத்திரமும் சட்டத்தின் முன்னாலும் கைகொடுக்கும்.

சட்டம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வான்கூவரில் ‘லிட்டில் சிஸ்டர்ஸ்’ என்ற லெஸ்பியன், கே புத்தகக் கடைக்கு வந்த புத்தகங்களைக் கனடா சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடித்து வைத்தது. கடை வழக்குப் போட்டது. அதிகாரிகள் பாரபட்சமாக நடந்துகொண்டார்கள் என்று 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனால் சட்டத்தின் பெரும்பகுதியை அப்படியே நிலைக்க விட்டது. எந்த நாட்டில் வெளியிடுகிறீர்களோ, அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பாத்திரங்கள் அனைவரும் வயதுவந்தவர்கள் என்பது கதைக்குள்ளேயே தெளிவாக இருக்கட்டும். அதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

படத்துல ஒருத்தி வேண்டாம்னு சொல்லிட்டு அப்புறம் ஒத்துக்கிற மாதிரி காட்சி வருது. நாவல்ல அதை என்ன செய்யறது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. அந்த ‘வேண்டாம்’ எதைச் சொல்கிறது என்று முதலில் எழுதுபவர் முடிவு செய்ய வேண்டும். அவளுக்கு உண்மையிலேயே விருப்பமில்லை என்றால் அங்கே நடப்பது வன்முறை. நாவல் அதை வன்முறையாகவே எழுத வேண்டும், அதன் விளைவுகளோடு. இனிப்புத் தடவிக் காதலாக்கக் கூடாது. படத்துக்கு விசுவாசம் என்ற சாக்கு இங்கே எடுபடாது.

ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் இழுப்பதால் வரும் ‘வேண்டாம்’ என்றால் நாவலுக்கு ஒரு வசதி இருக்கிறது: மற்றவள் நிறுத்துவாள். விலகி உட்காருவாள், தண்ணீர் கொடுப்பாள், கிளம்பட்டுமா என்று கேட்பாள். பிறகு முதலாமவள் தானாகக் கை நீட்டினால் அது அவளுடைய முடிவு. அலுவலக உதாரணத்தில் சீனியரைக் கதவைச் சாத்தலாமா என்று கேட்க வைத்தேனே, காரணம் அதுதான். பதவியில் மேலே இருப்பவள் கேட்டாக வேண்டும், கீழே இருப்பவளுக்கு மறுக்க வழி இருந்தாக வேண்டும். இதனால் காட்சியின் சூடு குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான மௌனத்தை நன்றாக எழுதிய புத்தகங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியா ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடியே நல்ல நாவலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அட்டையை நம்பாதீர்கள், ஏனென்று மேலே சொல்லிவிட்டேன். லெஸ்பியன் எழுத்துக்கு முக்கிய இடம் தரும் பதிப்பகங்களிலிருந்து தொடங்கலாம். எழுத்தாளர் ராட்கிளிஃப் 2004-இல் தொடங்கிய ‘போல்ட் ஸ்ட்ரோக்ஸ் புக்ஸ்’ அப்படிப்பட்ட ஒன்று. லெஸ்பியன், கே உள்ளிட்டவர்களின் எழுத்துக்குத் தரப்படும் லாம்டா இலக்கிய விருதுகளின் பழைய பட்டியல்களையும் பார்க்கலாம்.

மாதிரிப் பக்கங்கள் கிடைத்தால் முதல் காமக் காட்சிக்குப் போகாதீர்கள், அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களைப் படியுங்கள். இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச்சில் இருவரின் குரலும் வேறு வேறாக இருக்கிறதா, ஒருத்தி மற்றவளிடம் வேறு யாரும் கவனிக்காத எதையாவது கவனிக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். பெயர்களை இடம் மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், படத்தையே பார்த்துக்கொள்ளலாம்.